பதினேழாம் மாடிக்கு நான் மட்டும் போனது

ஆமாம், அப்பா காரில்தான் இருந்தார். ஒவ்வொரு தடவையும். "எத்தனை தடவை?" என்று நீ கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. மறந்துபோனதால் இல்லை, பாப்பா. எண்ணிக்கை எனக்குத் தெரியும். பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குப் பிறகு ஒன்பது வாடகை வீடு பார்த்தோம், மூன்றில் குடியிருந்தோம். ஒன்பதுக்கும் அப்பாதான் வண்டி ஓட்டி வந்தார். மர நிழல் பார்த்து நிறுத்துவார், கண்ணாடியைப் பாதி இறக்குவார், ரேடியோவைச் சன்னமாக வைப்பார். நான் மட்டும் இறங்கிப் போவேன்.

ஞாயிற்றுக்கிழமை, உனக்காக நான் பார்த்த வீட்டின் கீழே, அந்தக் கார் நிறுத்துமிடத்திலேயே இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ கதவைச் சாத்திவிட்டு ரயில் நிலையத்தைப் பார்த்து நடந்துவிட்டாய். நான் உன் பின்னால் வரவில்லை. மேலே போய் வாடகைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். மாலையில் உன் செய்தி வந்தது. "அந்த ஃபார்ம கேன்சல் பண்ணுங்க. எனக்கு வேணுங்கற வீட்ட நானே கேட்டுக்கறேன்." இன்று செவ்வாய். நாளை மதியம் ஏஜெண்ட் ஒப்பந்தத்தைக் கொண்டுவருகிறார். நான் இன்னும் எதையும் ரத்து செய்யவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம். இரண்டு நாளாக "போயிட்டு வரேன்" என்பதைத் தவிர நீ என்னிடம் எதுவும் பேசவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, சேலையைக்கூட மாற்றாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வேறு யாராவது படித்தாலும் படிக்கட்டும். இந்த ஊரில் வீடு தேடுகிற பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுடைய அம்மாக்களும்.

நான் ஏன் தனியாகப் போனேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன். நீ கிள்ளானிலிருந்து செராஸ் மருத்துவமனைக்குப் போய்வருவதை இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். விடிகாலை ஐந்தேகால் ரயில். நாள் முழுக்க மற்றவர்களின் முழங்காலையும் முதுகையும் பிடித்து நிமிர்த்திவிட்டு, இரவு எட்டு மணிக்கு நீ கூனிக்கொண்டு வருகிறாய். வேலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு பார்க்கிறேன் என்று நீ சொன்னபோது, சரி என்று முதலில் சொன்னது நான்தான். சாலாக் செலாத்தான் என்றதும் அப்பா சிரித்தார். அவர் லோரி ஓட்டிய காலத்தில் அங்கே வண்டிக் கொட்டகையும் தகரக் கூரையும்தான். இப்போது கொட்டகைக்குள் காப்பிக் கடை, பழைய பெயர்ப்பலகையைக் கழற்றாமல். பின்னால் முப்பது மாடி, நாற்பது மாடி. இன்னும் கட்டி முடிக்காதவற்றின் மேல் கிரேன். இன்னும் கொஞ்ச நாளில் நம்மால் தொட முடியாத இடம் ஆகிவிடும் என்று நீ சொன்னாய். அந்த அவசரம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

முதல் ஏஜெண்ட் உன் பெயரைக் கேட்ட பிறகு பதில் போடுவதை நிறுத்திவிட்டார். இரண்டாமவர் என்ன இனம் என்று நேராகவே கேட்டார். நீ சோபாவில் கால் நீட்டிக்கொண்டு வாசித்துக் காட்டினாய். "என்ன ரேஸ்னு கேக்குறாரும்மா. குதிர ரேஸ்னு போடட்டா?" அப்பா சிரித்தார், நானும் சிரித்தேன். மூன்றாவது வீட்டில் உன் படம் கேட்டார்கள். நீ அனுப்பினாய். ஆள் வந்துவிட்டது என்றார்கள். விளம்பரம் அப்படியே இருந்தது. நான்காவதற்கு வந்த பதிலை நீ வாசித்துக் காட்டவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தட்டைக் கழுவப் போனாய். அந்தத் தட்டை நீ ரொம்ப நேரம் கழுவினாய். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். உன்னிடம் கேட்கவில்லை. வியாழக்கிழமை பள்ளி விட்டதும் பொட்டை எடுத்தேன், சேலையை மாற்றி ஒரு கால்சட்டையும் மேல்சட்டையும் போட்டேன், சாலாக் செலாத்தானுக்குப் போனேன். பதினேழாம் மாடி. வீட்டைத் திறந்து காட்டிய ஏஜெண்ட் சின்ன வயது, மரியாதையான ஆள். கதவைத் திறந்ததும் சீனத்தில் ஏதோ சொன்னார். நான் வழக்கம்போலச் சிரித்து, வீட்டில் ஆங்கிலம்தான் பேசுவோம் என்றேன். அவர் உடனே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டார். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது, கையெழுத்து ஞாயிற்றுக்கிழமை என்று.

வீட்டில் ஆங்கிலம்தான் பேசுவோம். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இருபத்தைந்து வருடம் ஓட்டியிருக்கிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் எழுதுகிறேன். பிறந்த பதினெட்டாம் நாள் என்னைக் கிள்ளானில் ஒரு தமிழ்க் குடும்பத்திடம் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் சில சீனக் குடும்பங்கள் பெண் பிள்ளைகளை அப்படிக் கொடுப்பார்கள். தமிழர்கள் வாங்கி வளர்ப்பார்கள். என் வகுப்பிலேயே என்னைப் போல இன்னொருத்தி இருந்தாள். பிறப்புப் பத்திரத்தில் இருந்த மூன்று சொல் பெயரை யாரும் மாற்றவில்லை, அடையாள அட்டையிலும், அந்த ஐ.சி.யிலும், அதுவே இருக்கிறது. வீட்டில் கூப்பிட்டது வேறு பெயர். எனக்குப் பேச்சு வந்தது தமிழில். பல்கலைக்கழகத்தில் படித்தது தமிழ். இருபத்து மூன்று வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் தமிழ். சீனத்தில் இருபது சொல் தெரியும், அதில் பாதி சாப்பாட்டுப் பெயர். கிள்ளான் பாசாரில் வெண்டைக்காய் பொறுக்கும்போது இன்றைக்கும் யாராவது என்னைச் சீனப் பெண் என்று நினைத்துச் சொல்வார்கள். "அமோய் தமிழ் பேசுது பாருடா." பக்கத்துக் கடைக்காரர் சொல்வார், "ஒன்ன விட நல்லா பேசுது லா. அது டீச்சரு." எனக்கு அது பழகிவிட்டது. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு என் முகம் ஒரு செய்தி, வாய் இன்னொரு செய்தி. எது தேவையோ அதைக் காட்டிக்கொள்ள நான் கற்றுக்கொண்டது எப்போது என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணமான புதிதில் அப்படி இல்லை. பிரிக்பீல்ட்சில் ஒரு துணிக்கடையின் மாடியில் குடியிருந்தோம். கடைக்கார பாய்தான் வீட்டுக்காரர். வீடு கேட்டுப் போனபோது அவருக்குச் சந்தேகம் அப்பா மேல் இல்லை, என் மேல்தான். என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "தம்பி, அமோய் நம்ம சாப்பாடு சாப்புடுமா?" "அத அவகிட்டயே கேளுங்க பாய்." "சாப்புடுவேன் பாய்," என்றேன் நான். "ஒங்க வீட்டு பிரியாணி மேல வந்துச்சுன்னா இன்னும் நல்லா சாப்புடுவேன்." அவர் மேசையில் கையைத் தட்டிச் சிரித்துவிட்டு, இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். ஒப்பந்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து நின்று கேட்ட வீடு அது ஒன்றுதான். மூன்று வருடம் இருந்தோம். பிறகு அந்த வரிசை முழுவதும் விற்றுப்போனது. நாங்கள் படுத்திருந்த உயரத்தில் இப்போது ஒரு கட்டடத்தின் கார் நிறுத்தும் தளம் இருக்கிறது. ஒரு தடவை அங்கே வண்டியை நிறுத்தியும் இருக்கிறோம்.

அதற்குப் பிறகு வீடு தேடியபோது அப்பாதான் போன் செய்தார். எதிர்முனையில் ஒரே கேள்வி, என்ன இனம் என்று. அப்பா பதில் சொல்வார். ஆள் வந்துவிட்டது என்பார்கள். நான்கு பேர் அப்படிச் சொன்னார்கள். ஐந்தாவது வீட்டுக்குப் போன் செய்யாமல் நேராகவே போனோம். அப்பா வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். நான் முன்னால் மாடியேறினேன். வீட்டுக்காரம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சீனத்தில் பேசினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அந்த மலர்ச்சி புரிந்தது. அப்படி ஒரு முகத்தை நாங்கள் இரண்டு மாதமாகப் பார்க்கவில்லை. அப்போதுதான் அந்த வாக்கியம் முதன்முதலாக என் வாயிலிருந்து வந்தது. அவர் ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினார், குழாயைத் திறந்து காட்டினார், துணி காயப்போடும் கம்பியைக்கூடக் காட்டினார். வெளியே வந்தபோது படிக்கட்டின் அடியில் அப்பா. மேலே ஏற ஒரு காலை வைத்திருந்தார். நான் கையைத் தொடைக்குப் பக்கத்தில் வைத்து லேசாக அசைத்தேன். வராதே என்று.

அவர் காலை எடுத்துக்கொண்டார். திரும்பி வண்டிக்குப் போனார். ஏன் என்று கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அதுவே எங்கள் முறை ஆகிவிட்டது.

முறை என்றால் முறைதான். நான் போவேன், பேசுவேன், கையெழுத்துப் போடுவேன், சாவி கைக்கு வந்த பிறகு சாமான் ஏற்றுவோம். வார நாளில்தான் குடிபோவோம், வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். பால் காய்ச்சுவோம், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு. வாசலில் மாவிலை இரண்டாம் மாதம்தான் ஏறும். அந்த வீட்டுக்காரம்மா ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வந்தார். அப்பா பனியனோடு கார் கழுவிக்கொண்டிருந்தார். "நீ அவங்க டிரைவரா?" என்று மலாயில் கேட்டார். "ஆமா, டிரைவர்தான்," என்றார் அப்பா. அன்று சாப்பிடும்போது இதைச் சொல்லி அவரே சிரித்தார். "லோரி டிரைவர்னு சொல்லல, அவ்வளவுதான். பொய் ஒண்ணும் இல்ல." நானும் சிரித்தேன். பிறகு அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்தது, ஒன்றும் சொல்லவில்லை, தீபாவளிக்கு வந்து முறுக்குத் தின்றுவிட்டுப் போனார். பார்த்தாயா, பழகினால் மனிதர்கள் நல்லவர்கள்தான் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நான் இதைச் சரியான காரியம் என்று வைத்துக்கொண்டேன். அடுத்த வீட்டுக்காரர் அப்பாவைப் பார்த்த பிறகு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அதை நான் யாரிடமும் சொல்வதில்லை.

நீ அப்பாவைப் பற்றிக் கேட்டாய். உன்னைப் பற்றி நீ கேட்கவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இல்லாவிட்டால் நான் இதை எழுதாமல் விட்டுவிடலாம். இரண்டு நாளாக அதைத்தான் யோசித்தேன். எழுதுகிறேன்.

சுங்கை பூலோ வீடு. உனக்கு ஐந்து முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது. வண்டியில் இருக்கமாட்டேன் என்று அழுதாய். அப்பா ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்றார், அதற்கும் மசியவில்லை. நேரமாகிவிட்டது என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். ஏஜெண்ட் ஒரு வயதான பெண். உன்னைப் பார்த்தார். நீ அப்படியே உன் அப்பா. நிறம், நெற்றி, அந்தச் சுருட்டை முடி எல்லாம். "இது யார் பிள்ளை?" என்று மலாயில் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். "பக்கத்து வீட்டுப் பிள்ளை," என்றேன். மலாயில் சொன்னேன். உனக்குப் புரியாது என்று நினைத்தேன். பாலர் பள்ளியில் ஒரு வருடம் முடித்த பிள்ளைக்குப் புரியாது என்று ஒரு ஆசிரியை நினைத்தேன்.

சமையலறையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீ என் பின்னால் வந்து நின்றாய். "ஆன்டி, தண்ணி வேணும்," என்றாய்.

அந்த வீட்டில் இருந்த அரை மணி நேரமும் நீ என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. என் கையையும் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எப்படி நிற்பார்களோ அப்படி, கொஞ்சம் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? பெருமை. வண்டியில் ஏறியதும் அப்பாவிடம் சொன்னேன். "நம்ம பாப்பா எவ்வளவு சமத்து பாருங்க, நான் ஒண்ணுமே சொல்லல, அவளே புரிஞ்சிக்கிட்டா." அப்பா சிரிக்கவில்லை. ரேடியோவை அணைத்தார், வண்டியை எடுத்தார். வழியில் ஐஸ்கிரீம் கடை வந்தது, கேட்காமலேயே நிறுத்தினார். நீ இறங்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டாய், என் கையை இல்லை. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வீட்டு வாடகையைப் பற்றிப் பேசினேன். நமக்கு அந்த வீடு கிடைத்தது. நான்கு வருடம் இருந்தோம். அங்கேதான் நீ எழுதப் படிக்கக் கற்றாய், சைக்கிள் விடக் கற்றாய். நல்ல வீடு. காற்று வரும். அந்தக் காற்றுக்கு நாம் என்ன கொடுத்தோம் என்று நான் இந்த ஞாயிறு வரைக்கும் யோசிக்கவில்லை.

ஞாயிறன்று உன்னிடமும் அதையே சொன்னேன் இல்லையா? "நீ வண்டியிலயே இரு, நான் போய் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன்." உனக்கு இருபத்தெட்டு வயது. அது உன் வீடு. உன் சம்பளம். என் வாயிலிருந்து அது எவ்வளவு சாதாரணமாக வந்தது! நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் மட்டும் இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன்.

நேற்று சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். அவர் பின்பக்கம் பைப்புக்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறேன் என்பது கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

"ஏங்க, நான் வீடு பாக்க மேல போனப்பல்லாம் கார்ல உக்காந்து என்ன நெனச்சீங்க?"

"நெனக்கிறதுக்கு என்னா இருக்கு. பாட்டுக் கேட்டேன்."

"கோபம் வரலையா?"

"யாரு மேல?" என்றார். திருகியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "ஒண்ணு மட்டும் பண்ணுவேன். அன்னிக்கு நல்ல சட்டையா தேச்சுப் போட்டுக்குவேன். முழுக்கைச் சட்டை. அந்த நீலக் கட்டம் போட்டது."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? ஒருவேள நீ மேலேர்ந்து கூப்பிட்டீன்னா வரணும்ல. பனியனோடயா வர முடியும்?"

நான் கீழே கிடந்த பழைய வாஷரைப் பொறுக்கி எடுத்தேன். அவருக்கும் அது கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். குழாயைத் திறந்து பார்த்தார். ஒழுகவில்லை.

"பரவால்ல லா," என்றார். "கூப்பிடாததுனால சட்ட கசங்காம இருந்துச்சு. ரெண்டு நாளு போட்டேன்."

அந்தச் சட்டையை நான் துவைத்திருக்கிறேன். வார நாளில் அது எதற்கு வெளியே வருகிறது என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. கூப்பிடமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே தேய்த்திருக்கிறார்.

இதையெல்லாம் எழுதிவிட்டதால் நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. எனக்கு இன்னும் பயம் இருக்கிறது. நீ உன் பெயரைச் சொல்லி, உன் முகத்தைக் காட்டி வீடு கேட்டால் கிடைக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நான்கு பேர் சொன்னது போதாதா என்றுதான் உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டிருக்கிறது. அது நல்ல வீடு, பாப்பா. காலையில் வெயில் வரும், மதியம் வராது. சமையலறைச் சன்னலில் நின்றால் ரயில் பாதை தெரியும், அதற்கு அந்தப் பக்கம் இன்னும் இடிக்காத தகர வீடுகள், யாரோ கூரையில் மிளகாய் காயவைத்திருந்தார்கள். ஆறேமுக்காலுக்கு எழுந்தால் போதும் நீ வேலைக்குப் போக. நான் பொய் சொல்லி வாங்கிய வீடு என்பதற்காக அந்த வெயில் குறைந்துவிடாது என்று நேற்று வரைக்கும் எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். வாதம் ஒன்றும் மோசமில்லை. அதற்குள் நீ இல்லை என்பதுதான் குறை. பதினேழாம் மாடிக்கு என் பெயரில் சாவி வந்தால், வீட்டுக்காரர் கதவைத் தட்டும் ஒவ்வொரு நாளும் நீ அங்கே யாருடைய பிள்ளையாக நிற்பாய்?

வீடு தேடுவதைப் பற்றி எனக்குத் தெரிந்த உருப்படியான விஷயங்கள் சில இருக்கின்றன, அவற்றையாவது வைத்துக்கொள். நீ போய்ப் பார்க்கும் எந்த வீட்டிலும் முதலில் குளியலறைக் குழாயைத் திற, அதோடு சமையலறைக் குழாயையும் திற. இரண்டும் ஒன்றாக வருகிறதா பார். மழை பெய்யும்போது ஒரு தடவை போ. சுவர்க் கறை, உடைந்த ஓடு எல்லாவற்றையும் குடிபோகும் அன்றே படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடு. ஒப்பந்தத்தில் "லேசான சமையல் மட்டும்" என்று ஒரு வரி இருந்தால், லேசு என்றால் என்ன என்று கேள். சிரித்துக்கொண்டே கேள், ஆனால் கேட்காமல் கையெழுத்துப் போடாதே. நான் கேட்காமல் போட்டிருக்கிறேன். ஒரு வருடம் சன்னலைச் சாத்திக்கொண்டு மீன் குழம்பு வைத்திருக்கிறேன். எந்த லிப்டு அடிக்கடி நிற்கும் என்பது ஏஜெண்டுக்குத் தெரியாது, கூட்டுகிற அக்காவுக்குத் தெரியும் என்று அப்பா சொல்லச் சொன்னார். அவர் வண்டியில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லையாம். கீழே நின்று காவலாளி, கூட்டுகிறவர், கடைக்காரர் எல்லாரிடமும் விசாரித்துவிடுவாராம். நான் மேலே பார்த்ததைவிட அவருக்கு வீடு நன்றாகத் தெரிந்திருக்கிறது. இதையும் நேற்றுதான் சொன்னார்.

உன்னிடம் நான் கேட்பது மன்னிப்பா என்று தெரியவில்லை. ஐந்து வயதுப் பிள்ளையிடம் கேட்க வேண்டியதை இருபத்தெட்டு வயதுப் பெண்ணிடம் கேட்டால் அது போய்ச் சேருமா? நீ என் பிள்ளை. அதை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டேன். இப்போது சொல்வதற்கு என்னிடம் ஒரு இடம்தான் இருக்கிறது, அந்த ஏஜெண்டிடம்.

இவ்வளவு எழுதிவிட்டு எழுந்துபோய் ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"ஹலோ ஆன்டி, நாளைக்கு பன்னெண்டு மணி ஓகேதானே?"

"நாளைக்கு வேண்டாம். அந்தப் படிவத்தை ரத்து பண்ணிடுங்க. வீடு எனக்கில்லை, என் மகளுக்கு. அவ பேர்லதான் எடுக்கணும். அவ தமிழ்ப் பொண்ணு. நானும் தமிழ்தான்."

எதிர்முனையில் சிரிப்பு. "ஆன்டி, வெளையாடாதீங்க லா."

"வெளையாடல. நான் தமிழ் டீச்சர். எனக்கு சீனம் தெரியாது. வீட்ல இங்கிலீஷ்னு உங்ககிட்ட சொன்னது பொய்."

"அப்போ அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, ஆன்டி."

"சொல்லியிருந்தா வீட்டைக் காட்டியிருப்பீங்களா?"

சின்னப் பையன், ஆமாம் என்று பொய் சொல்ல மனம் வரவில்லை போல. விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, உண்மையாகவே உதவி செய்கிற மாதிரி சொன்னார். "ஒண்ணு பண்ணலாம். மகள் பேர்லயே போடுவோம். நாளைக்கு சாயங்காலம் ஓனர் வர்றாரு, அஞ்சரைக்கு. நீங்களும் கூட வாங்க. அவரு உங்களப் பாத்தா பிரச்சனை இல்ல. ஈசியா முடிஞ்சிடும்."

ஈசியாக முடிந்துவிடும். எனக்கும் அது தெரியும். நாக்கு நுனி வரைக்கும் சரி என்ற சொல் வந்துவிட்டது. மறைக்காமல் எழுதுகிறேன்.

"இல்ல," என்றேன். "நான் வரல. அவ வருவா. அவளே பேசிக்குவா."

"ஓனர் என்னா சொல்வாருன்னு என்னால சொல்ல முடியாது, ஆன்டி."

"தெரியும். வேணாம்னா அவகிட்டயே சொல்லட்டும்."

போனை வைத்தேன். என்னிடம் இருந்த படிவத்தின் பிரதியைக் கிழித்துப் போட்டேன். அந்த ஏஜெண்டின் எண்ணையும், புதன் மாலை ஐந்தரை என்பதையும் உனக்கு அனுப்பினேன். வேறு எதுவும் சேர்த்து எழுதவில்லை.